இரண்டாவது சர்வர் காப்பாற்றாத இடங்கள்

மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு நகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போட ஒரு சர்வர். சராசரியாக 2,000 மணி நேரம் ஓடினால் ஒருமுறை படுத்துவிடும். ஆள் வந்து, பாகம் வாங்கிச் சரிசெய்ய 8 மணி நேரம். 8-ஐ 2,008-ஆல் வகுத்தால், அது முடங்கிக் கிடக்கும் பங்கு தெரியும்: ஆண்டுக்கு ஏறக்குறைய 35 மணி நேரம். ஆவணி முகூர்த்தத்தில் அதில் இரண்டு மணி நேரம் விழுந்தாலே முதலாளிக்கு ரத்தக்கொதிப்பு.

அதேபோல் இன்னொன்று வாங்கி, ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி வைக்கிறார். இரண்டும் ஒருசேர முடங்கும் பங்குக்கு முதல் பங்கை அதனாலேயே பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 8 நிமிடம்தான்! சர்வர் விற்க வருபவரின் கணக்கு இத்தோடு முடிந்துவிடும். நம்பகத்தன்மை ஆய்வாளரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அவர் தாளில் மூன்று வட்டம் போடுவார்: இரண்டும் ஓடுகின்றன, ஒன்று ஓடுகிறது, எதுவும் ஓடவில்லை. இடையில் அம்புகள், ஒவ்வோர் அம்பின் மேலும் பழுதாகும் வேகம் அல்லது சரியாகும் வேகம். இதற்கு மார்க்கோவ் மாதிரி என்று பெயர். பலர் போட மறப்பது, முதல் வட்டத்திலிருந்து நேரே மூன்றாவதுக்குப் போகும் அம்பை. உதாரணத்துக்கு, முதன்மை சர்வரில் டேட்டாபேஸ் உறைந்து கிடக்கும், நெட்வொர்க் கார்டு மட்டும் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். துணை சர்வர் அதை நம்பிச் சும்மா இருக்கும். பழுதைக் கண்டு மாறிக்கொள்ளும் இந்த வாய்ப்பை 1969-ல் ஐபிஎம் ஆய்வாளர் பௌரீசியஸும் சகாக்களும் 'கவரேஜ்' என்று தனி எண்ணாகக் கணக்கில் சேர்த்தார்கள்.

அந்த எண்ணின் வலிமையைப் பாருங்கள். முதன்மை சர்வர் ஆண்டுக்குச் சுமார் 4.4 முறை விழுகிறது. பத்தில் ஒருமுறை மாற்றம் நடக்காமல், ஆள் வந்து கையால் மாற்ற ஒரு மணி நேரம் ஆனால், ஆண்டுக்கு 26 நிமிடம் போச்சு. இரண்டும் தனித்தனியே பழுதாவதால் வரும் 8 நிமிடத்தைப்போல் மூன்று மடங்கு.

இதைவிட மோசமானது பொதுக் காரணப் பழுது. இரண்டு சர்வரும் மொட்டை மாடி அறையில், ஒரே யூபிஎஸ்ஸில். ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகும். சித்திரை வெயிலில் அந்த அறையைச் சொல்லவே வேண்டாம். விழும் நூறு தடவையில் ஐந்து மட்டும் இரண்டையும் சேர்த்து இழுத்துப்போய், சரிசெய்ய அதே 8 மணி நேரம் ஆனால் ஆண்டுக்கு 105 நிமிடம். அழகான அந்த 8 நிமிடத்தை இனி யாரும் பேசத் தேவையில்லை.

செலவு குறைந்த மருந்து, சரிசெய்யும் நேரத்தைக் குறைப்பது. பவர் சப்ளை, டிஸ்க், பேட்டரி எல்லாம் கடையிலேயே ஸ்பேராக இருந்து 8 மணி நேரம் 2 ஆனால், 105 நிமிடம் 26-ஆக இறங்கும். 8 நிமிடம் அரை நிமிடமாகும். மென்பொருள் மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தள்ளாடுவதற்கு, கடை சாத்தியபின் ரீஸ்டார்ட் செய்வதே போதும். இப்படி முன்கூட்டியே புதுப்பிப்பதை 1995-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் முறையான உத்தியாக முன்வைத்தார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் மாதிரி போட்டே கணக்கிடலாம். ட்யூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஷோர் திரிவேதி இத்தகைய மாதிரிகளிலேயே பல பத்தாண்டுகள் உழைத்தவர்; அவர் குழுவின் 'ஷார்ப்' மென்பொருள் இந்த வட்டங்களையும் அம்புகளையும் வாங்கிக்கொண்டு விடையைத் தரும்.

ஆனால் கவரேஜ் எண்ணை எந்த மென்பொருளும் தராது. சோதித்துத்தான் பெற வேண்டும். மாதாந்திர மின்தடை நாளில், கூட்டம் இல்லாதபோது முதன்மை சர்வரின் கேபிளைப் பிடுங்கலாம். அது சுலபமான பழுது, அநேகமாக மாறிவிடும். டேட்டாபேஸை மட்டும் உறையவைத்தும் பாருங்கள். 30 முறை செய்து 30-லும் மாறினால்தான், கவரேஜ் பத்தில் ஒன்பதுக்குக் குறையாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.