பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்ப்

புது பியூஸ் போட்டதும் பட்டென்று போகிறதா? அந்த சர்க்யூட்டில் எங்கோ ஒரு பாசிட்டிவ் வயர் உறை தேய்ந்து காரின் பாடியைத் தொடுகிறது. பாடிதான் எர்த், எனவே கரண்ட் விளக்கு வரை போகாமல் அங்கேயே பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. இதுதான் ஷார்ட். 12 வோல்ட் பேட்டரியில், வழியில் மொத்தத் தடை 0.1 ஓம் என்றால் கணக்குக்கு 120 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் எப்படித் தாங்கும்? ‘பெரிசா போடு’ என்று 30 ஆம்பியர் பச்சை பியூஸைச் செருகினால், அடுத்து உருகுவது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயரிங்.

பியூஸ்களாக எரித்துத் தீர்க்காமல், அந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். எரிந்துபோன பியூஸின் இரு கால்களிலும் ஹோல்டர் வயர்களை சால்டர் செய்தால் அப்படியே செருகலாம். ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென எரியும். ஆனால் 1.75 ஆம்பியர் அளவுக்குத்தான் கரண்ட் போகும். வயர் சூடாகாது, நிதானமாகத் தேடலாம்.

முதலில் அந்த சர்க்யூட்டின் விளக்குகளை எல்லாம் கழற்றிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மல்டிமீட்டரும் ஏமாற்றும்: 21 வாட் பல்பின் இழை எரியும்போது சுமார் 7 ஓம், ஆறியிருக்கையில் ஒரு ஓமுக்கும் கீழே. மீட்டர் ‘பீப்’ அடிக்கும், ஷார்ட் என்றே தோன்றும்.

இனி ஸ்விட்சைப் போட்டு, வயர்களை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் டெஸ்ட் பல்ப் அணைகிறதோ, அதற்கு அப்பால்தான் கோளாறு. ஹேட்ச்பேக் காரில் பார்க் லைட் பியூஸ் போனால், டிக்கி கதவின் கீலருகே உள்ள ரப்பர் குழாயை முதலில் உருவிப் பாருங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே வயர்கள் மடங்கி நிமிர்வதால் உறை வெடித்து, செம்பு பச்சை பூத்திருக்கும். சில ஷார்ட்டுகள் கதவு பாதி திறந்திருக்கும்போது மட்டும் வரும். ஒருவர் கதவை ஆட்ட, இன்னொருவர் பல்பைக் கவனிக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் டெயில் லைட் ஹோல்டர், பிற்பாடு தனியாகப் பூட்டிய ஃபிட்டிங்குகள், எலி கடித்த இடங்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பழுது பாருங்கள். வெறும் டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். அதே கனத்தில் புது வயர் சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் வைத்த இடம் விறைத்து ஒடியும் என்பதால், ஜாயின்ட் மடங்கும் பகுதிக்கு வெளியே இருக்கட்டும்.

மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, தொட வேண்டாம். விளக்குகளைக் கம்ப்யூட்டர் யூனிட்டே நேரடியாக இயக்கும் புதிய கார்களில், அதுவே ஷார்ட்டை உணர்ந்து சப்ளையை நிறுத்திவிடும், பியூஸ் போகாது. அங்கே ஸ்கேனர் மாட்டி, யூனிட் பதிந்து வைத்திருக்கும் ஃபால்ட் கோடு (கோளாறுக் குறியீடு) பார்த்துத்தான் தேட ஆரம்பிக்க வேண்டும்.