கார்ட்டெக்ஸ் என்னும் புறணி

கார்ட்டெக்ஸ் என்பது மரப்பட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல். உறுப்பின் வெளியடுக்குக்கு உடற்கூற்றியலார் அதை ஆண்டனர். இதற்கு நேரான தமிழ்ச்சொல் புறணி. 'புறம்' என்பதன் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்குத் தோல், மரப்பட்டை ஆகிய பொருள்கள் உண்டு. புறணி பேசுதல் என்ற வழக்கே பேச்சில் முந்திக்கொண்டாலும், தாவரத் தண்டின் உள்ளமைப்பைச் சொல்லும் பாடநூல்களில் இச்சொல் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது.

பெருமூளைப் புறணி சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனே உள்ள, மடிப்பு மடிப்பான அடுக்கு. வளரிளம் பருவத்தில் அதன் தடிமன் குறைவது இயல்பு. அதிகம் பயன்படாத நரம்பிணைப்புகள் கழிய, பயன்படுபவை மயலின் என்னும் கொழுப்புறை பெற்று விரைந்து செயற்படுகின்றன. திட்டமிடவும் உணர்ச்சியை அடக்கியாளவும் உதவும் முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி பெறுகிறது. ஆதலால் இம்மாற்றத்தைப் 'புறணி மெலிவு' என்று எழுதுவது பெற்றோரை வீணே அஞ்சவைக்கும். மெலிவு என்றதும் நலிவுதான் நினைவுக்கு வரும். 'புறணித் தடிமன் குறைதல்' என்பதே பொருந்தும்.

கார்ட்டிசோல் என்னும் நெருக்கடிக்கால இயக்குநீரின் பெயரிலும் இதே இலத்தீன் வேர் இருக்கிறது. அது சுரப்பது சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பியின் புறணியில். அதை உணரும் ஏற்பிகள் மூளையின் முன்நெற்றிப் பகுதியில் மிகுதி என்பதால், நீடித்த மன நெருக்கடி இளம் மூளையைத் தொடாமல் போவதில்லை.

கோவிட் முடக்கம் இதற்கு ஒரு சான்று தந்தது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2018இல் 9 முதல் 17 வயது வரையுள்ளோரின் மூளையைப் படமெடுத்திருந்தனர். முடக்கத்துக்குப் பின் அவர்களையே மீண்டும் ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டனர். புறணித் தடிமன் குறைவதில், வயதுக்கு எதிர்பார்த்ததை விடப் பெண்களின் புறணி சராசரியாக 4.2 ஆண்டுகளும், ஆண்களின் புறணி 1.4 ஆண்டுகளும் முந்தியிருந்தது. பெண்களிடம் இம்மாற்றம் மூளையெங்கும் பரவியிருக்க, ஆண்களிடம் பார்வைப் பகுதியோடு நின்றது. தோழியரோடு மனம்விட்டுப் பேசும் வாய்ப்பைப் பெண்கள் இழந்தது இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இவை குழுவின் சராசரிகள்; இவற்றைக் கொண்டு தனியொரு பிள்ளையின் மூளைக்கு வயது கணிக்க இயலாது. இதனை 'மூளை மூப்பு' என்பதும் தவறு, ஏனெனில் மூப்பு தேய்வைச் சுட்டும் சொல். 'வயதை முந்திய புறணி முதிர்ச்சி' என்றால் நடந்தது அப்படியே விளங்கும்.