மகள் இறந்தது தற்கொலை என்றாலும் வழக்கு நிற்கும்

"தூக்கு மாட்டிக்கிட்டா, யார் மேல கேஸ் போடறது?" என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். அதை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் நடந்த இயற்கையல்லாத சாவு எதுவானாலும், அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமை நடந்திருந்தால் அது வரதட்சணை மரணம். தற்கொலையும் இதில் அடங்கும். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 80-வது பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை. கொடுமை நிரூபணமானால், 'நாங்கள் காரணமில்லை' என்று காட்டவேண்டியது கணவன் வீட்டார் பொறுப்பு.

ஏழு ஆண்டு தாண்டிவிட்டால் கதவு மூடிவிடாது. அதே சட்டத்தில் தற்கொலைக்குத் தூண்டியது (பிரிவு 108), கொடுமை (பிரிவு 85) இரண்டும் உண்டு. ஆனால் அப்போது நிரூபிக்கும் சுமை முழுக்க வழக்குத் தொடுப்பவர் தலையில்தான்.

முதல் நாளில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பிணவறை வாசலில் அழுதுகொண்டிருப்பவரிடம் ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போட்டாதான் பாடி கிடைக்கும்" என்பார்கள். 'வயிற்றுவலி தாங்காமல் இறந்தாள், யார் மீதும் சந்தேகமில்லை' என்று அதில் எழுதியிருக்கும். படிக்காமல் கையெழுத்து வேண்டாம். பிரேதப் பரிசோதனை முடியாமல் தகனமும் வேண்டாம்.

ஏழு ஆண்டுக்குள் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும். அங்கே சொல்லாததைப் பின்னால் கோர்ட்டில் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி. 'கொடுமைப்படுத்தினார்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது. யார், என்ன கேட்டார், எந்த மாதம், கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். கோபத்தில் சின்ன மாமியார் வரை எல்லாப் பெயரையும் சேர்த்தால் உண்மைக் குற்றவாளி மீதான வழக்கும் தளர்ந்துபோகும்.

"ஆர்.டி.ஓ. ரிப்போர்ட் வரட்டும்" என்பார் இன்ஸ்பெக்டர். "அனுப்பிட்டோமே" என்பார்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். இந்த அலைச்சலிலேயே மாதங்கள் ஓடிவிடும். வரதட்சணைக் கொடுமையைச் சொல்லி எழுத்தில் புகார் தந்தால், எஃப்.ஐ.ஆர். போட அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

மகளின் போனை ஒப்படைத்தால் எழுத்தில் ரசீது வாங்குங்கள். அவள் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, நகைக்கடை பில் இரண்டையும் எடுத்து வையுங்கள். ஏழு ஆண்டுக்குள் இறந்தவளின் வரதட்சணைப் பொருள் அவள் பிள்ளைகளுக்கு, பிள்ளை இல்லையென்றால் பெற்றோருக்கு. கணவனுக்கு இல்லை.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாயின் பெயரில் கேளுங்கள். அழைக்க வேண்டிய எண் 15100.