குடிக்கிற தண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய்: பெங்களூரு விதி என்ன சொல்கிறது

மார்ச் வந்தாலே பெங்களூரில் நம் தெருக்களில் குடங்கள் வாசலுக்கு வந்துவிடும். அல்சூர், ஸ்ரீராம்புரம், ஈஜிபுரா என்று நம் தமிழர்கள் நெருக்கமாக இருக்கிற இடங்களில் கீழே ஒரு சம்ப், மேலே ஒரு சின்டெக்ஸ், அதை நம்பி நாலைந்து குடித்தனம். ஒருவர் காரைக் கழுவினால் இன்னொருவருக்குக் குளிக்கத் தண்ணீர் இருக்காது.

2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போனபோது குடிநீர் வாரியம், அதாவது ஜலமண்டலி, ஒரு தடை போட்டது. குடிநீரில் வண்டி கழுவக் கூடாது, தோட்டத்துக்கு விடக் கூடாது, கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் நீரூற்றுக்கும் எடுக்கக் கூடாது, தியேட்டரும் மாலும் குடிப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். மீறினால் 5,000 ரூபாய், திரும்பவும் மீறினால் இன்னொரு 5,000, அதோடு நாளுக்கு 500. 2025 பிப்ரவரியிலும் இதே தடை வந்தது. எனக்கு இது முழுக்க நியாயமாகப் படுகிறது. கட்டடத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர் போதும், குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்க அது ஆகாது.

2024 மார்ச்சிலேயே மாவட்ட நிர்வாகம் தனியார் டேங்கருக்கும் விலை வைத்தது. 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 8,000 லிட்டர் 700, 12,000 லிட்டர் 1,000. 10 கிலோமீட்டர் வரை 750, 850, 1,200. ஆனால் அது நான்கு மாதத்துக்கான உத்தரவுதான், அதைக் காட்டி இன்றைக்குப் பேரம் பேச முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, ஊரில் நிலம் வைத்திருக்கும் நமக்கு இது உறைக்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டிய காவிரி நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. டெல்டாவில் வயலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரை, குடிப்பதற்கு என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள், அதைக் கார் மேல் ஊற்றுவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, வாடகைக்கு இருக்கிறோம், வீட்டுக்காரரே குடிநீரில் கார் கழுவினால் அவரிடம் எப்படிச் சொல்வது? முதலில் இந்தக் கோடைக்குத் தடை அமலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உத்தரவை போனில் காட்டிப் பதமாகப் பேசுங்கள், அபராதத் தொகையைப் பார்த்ததும் பலர் ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் ஜலமண்டலியின் 1916-க்கு போன் போடுங்கள்.