பால்கனிச் சூரியத் தகடும் சுவர் பிளக்கும்

பால்கனிக் கம்பியில் ஓரிரு சூரியத் தகடுகளை மாட்டி, அவற்றின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைச் சாதாரணச் சுவர் பிளக்கில் செருகிக்கொள்ளும் முறை ஜெர்மனியில் வேரூன்றியிருக்கிறது. அங்கு 2024 மே மாதம் முதல், இன்வெர்ட்டர் 800 வாட்டுக்கும் தகடுகள் 2,000 வாட்டுக்கும் மிகாதவரை, மின்விநியோக நிறுவனத்திடம் தனியே அறிவிக்காமல், அரசுப் பதிவேட்டில் பதிந்தாலே போதும். அந்தச் சலுகை மலேசியாவில் செல்லாது.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தகடு வீட்டு வயரிங்கோடு சேர்கிறதா என்பதைத்தான். தகட்டிலிருந்து ஒரு பேட்டரியை மட்டும் மின்னேற்றி, அதில் விசிறியையோ கைப்பேசியையோ இயக்கினால் வீட்டு வயரிங் தொடப்படுவதில்லை. சுவர் பிளக்கில் செருகினாலோ, அது மின்சாரத்தை உள்ளே தள்ளும் கருவியாகிவிடுகிறது. மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் 20 ஆம்பியர் பிரேக்கர் காக்கும் கம்பியில் 800 வாட் தகடு மேலும் ஏறக்குறைய 3.5 ஆம்பியரைச் சேர்க்கிறது. பிரேக்கர் தன் வழியாகச் செல்லும் மின்னோட்டத்தை மட்டுமே அறியும், தகட்டின் மின்னோட்டம் அதன் வழியாக வருவதில்லை என்பதால், கம்பி அளவுக்கு மீறிச் சூடானாலும் அது துண்டிக்காது. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, வீட்டு வயரிங் வேலை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் ஒப்பந்ததாரருக்கு உரியது.

முறையாக இணைக்க விரும்புவோருக்கு 2026 ஜனவரி 1 முதல், கூரைத் தகடுகளை மின்கட்டமைப்போடு இணைக்கும் சோலார் அத்தாப் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்கு 5 கிலோவாட், மும்முனைக்கு 15 கிலோவாட் வரை வரம்பு. மலாயில் அத்தாப் என்றால் கூரை. பெயரே இது தரைவீட்டுக்காரர்களை நோக்கியது என்று சொல்லிவிடுகிறது.

அடுக்குமாடியில் இன்னொரு தடையும் உண்டு. 2015ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகளின் கீழ், கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். துணியை வெளியே நீட்டிக் காயப்போடுவதற்கே அனுமதி கேட்கும் விதிகள் அவை. கனமான தகட்டை வாய்மொழிச் சம்மதத்தில் தொங்கவிடக் கூடாது.

அனுமதி கிடைத்தாலும், பலனை ஜெர்மனியின் கணக்கால் அளக்கக் கூடாது. பெர்லினில் சாய்ந்து வரும் வெயில் செங்குத்தான தகட்டில் நன்றாகப் படுகிறது. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கிலுள்ள பினாங்கில் நண்பகல் சூரியன் தலைக்கு மேல் நிற்க, மேல்மாடியின் பால்கனித் தளமே அதை மறைத்துவிடுகிறது.