எஸ்.ஓ.பி.: சமையற்கூடத்துக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

ஸ்டாண்டர்ட் ஆபரேட்டிங் புரொசீஜர் என்பதன் சுருக்கம் எஸ்.ஓ.பி. ஒரு வேலையை எந்த ஷிஃப்டில் எந்த ஆள் செய்தாலும் ஒரே மாதிரி முடியவேண்டும். அதற்காக யார், எதைக்கொண்டு, எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்குள், தவறினால் என்ன என்று எழுதிவைப்பதே எஸ்.ஓ.பி. ராணுவத்தில் வேரூன்றிய வழக்கு, தொழிற்சாலை, மருத்துவமனை வழியாக ஓட்டல் சமையற்கூடம்வரை வந்திருக்கிறது.

இதைப் பலர் 'செய்முறை' என்று எழுதுகிறார்கள். அது தவறு. செய்முறை பண்டத்துக்கு உரியது. கிரேவிக்கு வெங்காயம் எத்தனை கிலோ, மிளகாய்த்தூள் எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். மீந்த கிரேவியை எப்படி ஆறவைப்பது, பொரித்த எண்ணெயை எப்போது சோதிப்பது என்பதெல்லாம் அதில் வராது. அவை வேலைக்கு உரியவை. 'பக்குவம்' என்ற சொல்லும் உதவாது. சமைத்தது, கனிந்தது என்று பொருள்படும் 'பக்வ' என்ற வடசொல்லிலிருந்து வந்த அது, மாஸ்டரின் கையில் இருப்பது. அவர் லீவு போட்டால் அதுவும் லீவு போடும். பக்குவத்தில் அளக்க முடிந்ததையெல்லாம் தாளில் இறக்குவதற்குத்தான் எஸ்.ஓ.பி.

எஸ்.ஓ.பி.யின் மூன்று ஆங்கிலச் சொற்களில் கடைசியானது எளிது. புரொசீஜருக்கு வேர், 'முன்னே செல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினை. நம் 'நடைமுறை'யிலும் அதே நடை இருக்கிறது. ஆபரேட்டிங் என்பது வேலை என்று பொருள்படும் 'ஓபுஸ்' வழி வந்தது. அதை 'இயக்க' என்று பெயர்த்ததால்தான் 'நிலையான இயக்க நடைமுறை' என்ற தொடர் கிரைண்டருக்கு எழுதியதுபோல ஒலிக்கிறது. இயந்திரத்தை இயக்கலாம், கை கழுவுவதை இயக்க முடியாது. 'செயல்' என்பதே அங்கே பொருந்தும்.

ஸ்டாண்டர்டுக்குத்தான் கதை அதிகம். பழைய பிரெஞ்சில் அது போர்க்களத்தில் நட்ட கொடி. அரசனின் கொடியைக் குறித்த சொல் பிறகு அரசன் விதித்த அளவையையும் குறித்தது. அரசன் பேரால் அளவு நிற்பது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கச் சொல்லி, அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் குறித்துவைத்திருக்கின்றன. ராஜகேசரி சோழ மன்னர்களின் பட்டப்பெயர்.

இன்று தமிழில் ஸ்டாண்டர்டுக்கு ஊருக்கொரு சொல். கணக்கில் வரும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், தமிழ்நாட்டுப் பாடநூலில் 'திட்ட விலக்கம்', இலங்கைப் பாடநூலில் 'நியம விலகல்'. இலங்கை வாசகருக்கு 'நியமச் செயல்முறை' உடனே புரியும். 'உப்பைத் திட்டமாப் போடு' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தத் திட்டம் சமையலுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 'திட்டச் செயல்முறை' என்று எழுதினால் ஏதோ அரசுத் திட்டம் என்று படித்துவிடுவார்கள். 2020இல் கொரோனா அறிவிப்புகள் 'நிலையான வழிகாட்டு நெறிமுறைகள்' என்ற தொடரைப் பரப்பின. அதில் இரண்டு குறை. வழிகாட்டுதல் என்றால் விரும்பினால் கேட்கலாம் என்று தோன்றும். 'நிலையான' என்றால் மாறவே மாறாது என்றாகிவிடும். அடுப்போ பாத்திரமோ மாறும்போது திருத்த வேண்டிய தாள் அல்லவா இது?

நிலைக்குழு, நிலையாணை என்று ஏற்கெனவே வழங்குகிறோம். திருத்தும்வரை நடைமுறையில் நிற்பது என்ற பொருள் அவற்றில் தெளிவாக இருக்கிறது. அதனால் 'நிலைச் செயல்முறை' என்பதே சரி. சுவரில் ஒட்டும் தாளுக்கு 'வேலை முறை' என்று தலைப்பிட்டாலும் போதும்.

பெயர் சரியாக இருந்தும் உள்ளே எழுதுவது கெட்டுப்போவதுண்டு. 'மீதமான கிரேவி நன்கு ஆறவைக்கப்பட்டு குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட வேண்டும்' என்று எழுதினால் யார் வைப்பது, 'நன்கு' என்றால் எவ்வளவு? 20 லிட்டர் கிரேவியை அண்டாவோடு குளிர் அறைக்குள் தள்ளினாலும் இந்த வாக்கியத்தை மீறியதாகாது. கெட்டியான கிரேவிக்குள் சூடு தானாகச் சுழன்று வெளியேறாது. ஓரம் சில்லிட்டிருக்கும்போது நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொதியிலும் சாகாத பாக்டீரிய வித்துகள் அந்தச் சூட்டில்தான் முளைத்துப் பெருகும். பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும்கூடச் சூடாகும்.

அதையே இப்படி எழுதலாம். பொறுப்பு: இரவு ஷிஃப்ட் கிரேவி மாஸ்டர். அடுப்பை அணைத்ததும் எவர்சில்வர் ட்ரேக்களில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்று. ட்ரேயை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறு. 60 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் நேரத்தைக் குறி. அதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் நடுப்பகுதி 21 டிகிரிக்கு வரவேண்டும். வந்ததும் குளிர் அறையில் பச்சை இறைச்சிக்கு மேல்தட்டில் வை. அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரி. அதன் பிறகே இறுக மூடி, தேதியும் நேரமும் ஒட்டு. 2 மணி நேரத்தில் 21க்கு வராவிட்டால் உடனே 74 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஒரே ஒருமுறை மறுபடி ஆறவை. அப்போதும் வராவிட்டால் கொட்டு.

தெர்மாமீட்டருக்கும் ஒரு வரி வேண்டும்: வாரம் ஒருமுறை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் கம்பியை விடு, 0 காட்டாவிட்டால் பயன்படுத்தாதே. 'ஒரு கரண்டி' என்று எழுதும் இடங்களிலும் இதே கவனம் தேவை. ஒரே சமையற்கூடத்தில் நான்கு அளவுக் கரண்டி தொங்கும். எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்து, காம்பில் பொறித்து, அந்த எண்ணையே தாளில் எழுதவேண்டும். அடியில் திருத்திய தேதியும் கையெழுத்தும் இருந்தால், பழைய தாள் எது, புதிய தாள் எது என்று இரவில் யாரும் தேடவேண்டியிருக்காது.