குடலுக்குள் புதிதாக வருபவருக்கு இடம் உண்டா?

ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பிறந்த சில நாள்களிலேயே ஒரு பிரிவினருக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டேரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ரகம் ஒன்றை, அது தின்று வளர ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து, ஏழே நாள் புகட்டினார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாவுப்பொடி. இரண்டு மாதம் கவனித்ததில், ரத்தத்தில் கிருமித் தொற்றோ மரணமோ நேர்ந்தது பொடிப் பிரிவில் 9 சதவீதம். பாக்டீரியா பிரிவில் 5.4 சதவீதம்.

ஏழு நாளில் இவ்வளவு பலன்! அப்படியானால் மருந்துக்கடையில் விற்கும், உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை நமக்கும் இதைச் செய்யுமா?

குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். பெருங்குடலில் அதன்மேல் இரண்டடுக்குச் சளிப்படலம் படர்ந்திருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் மொய்க்கும். உள்ளடுக்கில் ஏறக்குறைய ஒன்றுகூட இராது. சுவருக்கு அந்தப் பக்கம் நம் நோய் எதிர்ப்பு செல்கள் ஏராளமாகக் காத்திருக்கின்றன.

வாழைத்தண்டின் நாரையும் அவரைக்காயின் தோலையும் முழுதாகச் செரிக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். அதோடு, எதிர்ப்பு செல்களில் சிலவற்றை 'கட்டுப்படுத்தும் டி செல்'களாக மாற்றவும் அது தூண்டுகிறது என்று 2013-இல் எலிகளில் கண்டறிந்தார்கள். தின்னும் சோற்றின் மீதும் ஊறு செய்யாத பாக்டீரியாவின் மீதும் பாயாமல் படையை அடக்கிவைப்பவை இந்தச் செல்கள். நார்ச்சத்து கிடைக்காத எலிகளிலோ, சில பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்கின. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற விளம்பர வாசகம் எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான். அளவின்றிக் கூடிய எதிர்ப்புக்கு ஒவ்வாமை என்றும் தன்னுடல் தாக்குநோய் என்றும் பெயர்.

பிறந்த குழந்தையின் குடல் ஆள் குடியேறாத புறம்போக்கு நிலம். ஒடிசாவில் தேர்ந்தெடுத்த ரகமும் குடல் செல்களில் ஒட்டித் தங்கும் திறன் உள்ளது. (இதைப் படித்துவிட்டு வீட்டுக் குழந்தைக்குப் புகட்டிவிட வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஓரளவு எடையோடு பிறந்த ஆரோக்கியமான குழந்தைகள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கை விடுத்தது.)

பெரியவர்களின் நிலை வேறு. நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தினர் 2018-இல், புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் குடலுக்குள் கருவியை விட்டுப் பார்த்தார்கள். மலத்தில் அந்த பாக்டீரியா தென்பட்டாலும், குடல் சுவரில் அது தங்கியது சிலரிடம் மட்டுமே. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் நன்றாகவே தங்கியது. ஆனால் பழைய குடிகள் திரும்பிவர மாதக்கணக்கில் தாமதமானது.

ஆகவே மாத்திரை வாங்கினால் டப்பாவில் இனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, ரகத்தின் பெயரையும் தேடுங்கள். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதற்குச் சான்றுள்ள லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி அப்படி ஒரு ரகம்; அதில் கடைசியில் வரும் 'ஜிஜி'தான் ரகத்தின் பெயர். வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா உண்டு, எந்த ரகம் என்று யாரும் சொல்ல முடியாது. இட்லி மாவைப் புளிக்கவைத்தவையோ ஆவியில் வேகும்போதே செத்துவிடுகின்றன.